கோலுக்குப் பின்னால் கீழ்ப்படி

பந்து பக்கவலையில் வெளிப்புறமாகப் பட்டாலும் வலை குலுங்கும், உள்ளே போனாலும் குலுங்கும். வலை குலுங்கியதும் கேலரி முழுக்க எழுந்து "கோல்" என்று கத்திவிடும். நடுவர் கோல் கிக்குக்குக் கை காட்டியதும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்காருவார்கள். வருஷக்கணக்காக ஆட்டம் பார்க்கிறவர்களும் இதிலிருந்து தப்பியதில்லை. எழாமல் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் என் வீட்டுக்காரர். அவருக்குக் கண் தெரியாது.

"வெளிய," என்பார், கடலையை மென்றபடி. "கயிறு கம்பியில அடிக்க சத்தம்லா கேக்குது. உள்ள போனா வலை பந்தை வாங்கிக்கிடும். சத்தமே இருக்காது."

எங்கள் இடம் கோலுக்குப் பின்னால், கேலரியின் கடைசிப் படி. அதாவது எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற படி. காலை நீட்டினால் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் புல், அப்புறம் வலை. நன்றாகப் பார்க்க விரும்புகிறவர்கள் யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். மறுபாதியில் நடப்பது எதுவும் சரியாகத் தெரியாது. ஆனால் எல்லாம் கேட்கும். கோல் காக்கிற கோலி திட்டுவது, பூட்ஸ் மண்ணைக் கிளறுவது, பந்து நெஞ்சில் விழுவது எல்லாம்.

அவர் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் வேலை பார்த்தவர். கண் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவார். நான் வலியசாலை வீட்டில் இருப்பேன். கால்பந்து என்பது அவர் சட்டையில் ஒட்டிவரும் புழுதி, அவ்வளவுதான் எனக்கு. பிறகு சர்க்கரை வியாதி அவருடைய ஒரு கண்ணை எடுத்தது, மற்றதையும் எடுத்தது. வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். ஒருநாள் அவராகவே, "ஸ்டேடியத்துக்குப் போவமா?" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாதே," என்றேன். "நீ பாக்கத சொல்லு. போதும்."

நான் கூச்சக்காரி. பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் வந்தால் ஆளிறங்க வேண்டும் என்று சொல்ல வாய் வராமல், அடுத்த நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்கும்போது இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள். முதல் ஆட்டத்தில் அவர் காதோரம் குனிந்து, "ஒரு ஆளு ஓடுதாரு. பின்னால இன்னொரு ஆளும் ஓடுதாரு," என்றேன்.

"பந்து ஆருகிட்ட?"

"அது அங்க கெடக்கு."

அவர் சிரித்தார். கண் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

போகப்போகப் பழகினேன். விங், கார்னர், ஆஃப்சைடு எல்லாம் வாயில் வந்தது. ஆட்டம் முழுக்க நிறுத்தாமல் பேசுவேன். பின்படியில் இருக்கிறவர்கள்கூடக் குனிந்து கேட்பார்கள். வீட்டிலோ தெருவிலோ உறவுக்காரர் கல்யாணத்திலோ நான் அவ்வளவு பேசியது கிடையாது.

எங்கள் படிக்காரர்களுக்குப் போனில் ஒரு குழு உண்டு. அதில் ஒருவரும் எழுத மாட்டார்கள். அவர் கேட்க வேண்டுமே என்று எல்லாரும் குரலில் பேசித்தான் அனுப்புவார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை, தானாக வந்த பழக்கம். ஸ்டேடியத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் போன் ஓயவில்லை. அதிகம் பேசியவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். மலையாளி. நாகர்கோவில் வண்டியில் பல வருஷம் போனவர் என்பதால் எங்களோடு அவருக்கென்று ஒரு தமிழ் பேசுவார்.

"அண்ணாச்சி, கூரை வந்தா மதி. வேற ஒண்ணும் வேண்டா. இந்த மழையில நனைஞ்சு நனைஞ்சு என் முட்டி போயி."

நகைக்கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவனுக்கு முதுகு சாய்கிற நாற்காலி வேண்டும். கீழே கடைகள் கட்டி வாடகைக்கு விட்டுவிடுவார்கள், பந்தாட்டம் நடக்காது என்று இன்னொருவர் பயந்தார். என் வீட்டுக்காரர் போனை வாயருகே வைத்துக்கொண்டு, "கூரை தகரமா, காங்கிரீட்டா? தகரம்னா மழைச் சத்தத்துல ஆட்டம் கேக்காதுவே," என்றார்.

கண்டக்டர் உடனே பதில் அனுப்பினார். "அண்ணாச்சிக்கு சொர்க்கம் கெட்டிக் குடுத்தாலும் சத்தம் சரியில்லன்னு சொல்லும்."

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. அந்த ஸ்டேடியத்தில் பெண்கள் போகும்படியான கழிப்பறை கிடையாது. ஆட்டம் இருக்கிற நாளில் மத்தியானத்துக்குப் பிறகு நான் தண்ணீர் குடிப்பதில்லை. அதைக் குழுவில் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

ரசிகர்களின் கருத்தைக் கேட்கிறோம் என்று ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். கேலரியில் உட்காரும் அதே வரிசையில்தான் அங்கேயும் உட்கார்ந்தோம். அவர் ஓரத்தில், அடுத்து நான், எனக்கு நேர் பின்னால் கண்டக்டர். மேடையில் ஓர் இளம் அதிகாரி திரையில் படங்களைக் காட்டி மலையாளத்தில் விளக்கினார்.

முதலில் கூரை வந்தது. வெள்ளையாக, பறவை இறகு மாதிரி, கேலரி முழுவதையும் மூடிக்கொண்டு. மண்டபம் எழுந்து நின்று கைத்தட்டியது. எத்தனை மழைக்காலத்து ஆசை அது. கண்டக்டர் விசிலே அடித்துவிட்டார். அடுத்த படத்தில் பெண்களுக்கான கழிப்பறைகள், வரிசையாக, ஓடு பதித்து. என் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் தடியின் மேல் இருந்தன.

"சொல்லு," என்றார். கூரையைச் சொன்னேன். கழிப்பறையையும் சொன்னேன்.

"நல்லதுதானே. நீ தண்ணி குடிக்கலாம்," என்றார். அவருக்கு அது தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது படம் மேலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

"ஏட்டி, ஏன் நிறுத்திட்ட?"

"மைதானத்தச் சுத்தி செவப்பா ஒரு பாதை போட்டுருக்காங்க. ஓட்டப்பந்தயத்துக்கு."

"நம்ம படி?"

"பாதைக்கு அந்தப் பக்கம்."

"கீழ்ப்படி?"

"அதெல்லாம் இல்ல. ஆள் ஒசரத்துக்குச் சுவரு. அதுக்கு மேலதான் நாற்காலி."

"கோல் போஸ்ட் எம்புட்டுத் தூரம் வரும்?"

"நம்ம வீட்டுல இருந்து தெருமுக்கு வரைக்கும் இருக்கும்."

அதை அவர் மனத்துக்குள் நடந்து பார்த்திருக்க வேண்டும். உதடு லேசாக அசைந்தது. பிறகு, "எந்திரிச்சுக் கேளு," என்றார்.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. ஒருவர் மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். கீழ்ப்படியை அப்படியே விட முடியுமா என்று மலையாளத்தில் கேட்டேன். கேலரியில் அவர் காதில் சொல்கிற குரல்தான் வந்தது. கேட்கவில்லை என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். மறுபடியும் சொன்னேன்.

அதிகாரி மேடை ஓரத்துக்கு வந்து நல்லவிதமாகவே பதில் சொன்னார். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை சேச்சி, இரண்டு பக்கமும் பெரிய திரை வைக்கிறோம், எங்கே உட்கார்ந்தாலும் பந்து தெளிவாகத் தெரியும் என்றார்.

"இவருக்குக் கண் தெரியாது," என்றேன்.

அந்த அதிகாரிப் பையன் முகம் வாடிப்போயிற்று. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இருக்கிறது என்று ஆரம்பித்து, அதுவும் பதில் இல்லை என்று அவனுக்கே தெரிந்து நிறுத்தினான். பிறகு மெல்லச் சொன்னான்: ஓட்டப் பாதை இருந்தால்தான் திட்டத்துக்குப் பணம் வரும், பாதை இல்லையென்றால் கூரையும் இல்லை, ஒன்றும் இல்லை. அது எங்கள் கையில் இல்லை சேச்சி.

கண்டக்டர் எழுந்தார். "அப்படியெங்கில் ட்ராக்கும் வேண்டா, கூரையும் வேண்டா."

அதோடு எங்கள் ஆட்களுக்குள்ளேயே பேச்சு முற்றியது. கூரை இத்தனை காலம் கழித்து வருகிறதே என்றார் ஒருவர். பிள்ளைகள் ஓடிப் பழக வேறு இடம் எங்கே என்றார் இன்னொருவர். அதுவும் நியாயம்தான். நகைக்கடைத் தம்பி எங்களைப் பார்க்காமல் சொன்னான்: "ஒராளுக்கு வேண்டி மொத்த ஸ்டேடியமும் வேண்டான்னு எப்படிண்ணே சொல்லது?" மனத்தில் கெடுதல் வைத்து அவன் சொல்லவில்லை. மழை நாட்களில் பஸ் ஸ்டாப்பு வரை அவர் கையைப் பிடித்துக் கூட்டிவருகிறவனே அவன்தான்.

"அவன் சொல்லது சரிதான்வே," என்றார் என் வீட்டுக்காரர். "இரியும். எல்லாரும் இரிங்க."

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. நாங்கள் எல்லாரும் நின்று கைத்தட்டுகிற படம். திட்டத்தை ரசிகர்கள் உற்சாகமாக வரவேற்றார்கள் என்று கீழே போட்டிருந்தது. படத்தில் நானும் இருந்தேன். கண்டக்டர் அந்த வரியைப் படித்துக் குழுவில் அனுப்பினார். கடைசியில் ஒரு பெருமூச்சு. "பக்கவலைக்கு கோல் விளிச்சுட்டோம், அண்ணாச்சி."

கண்டக்டர் சொல்லி, கீழ்ப்படிக்காகக் கேட்க இரண்டு மூன்று அலுவலகங்களுக்குப் போனோம். எல்லா இடத்திலும் உட்காரச் சொன்னார்கள், கேட்டுக்கொண்டார்கள், தலையாட்டினார்கள். ஒருவராவது கோபப்பட்டிருந்தால் நாங்களும் கோபப்பட்டிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மேல இருந்து பாப்பமா?" என்று அவரே கேட்டார். பழகத்தான் என்று புரிந்தது. கேலரியின் உச்சிப்படிக்கு அவரைக் கூட்டிப்போனேன். மைதானம் முழுக்கத் தெரிந்தது. அத்தனை அழகாக நான் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். இடைவேளையில், "நீ சொல்லதுதான் கேக்குது. பந்து கேக்கல," என்றார். கொஞ்சம் கழித்து, "ரேடியோ மாதிரி இருக்கு. ரேடியோ வீட்டுல இருந்தே கேக்கலாமே," என்றார்.

கடலைப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தேன்.

ஸ்டேடியத்தை வேலைக்காக மூடுவதற்கு முன் நடந்த கடைசி ஆட்டத்துக்கு எல்லாரும் வந்தோம். வாசலில் மறைப்புக்கான நீலத் தகரங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கீழ்ப்படியில் நெருக்கி உட்கார்ந்தோம். அன்றைக்கு அவர் என்னை அதிகம் பேச விடவில்லை. நான் ஆரம்பித்தால் முழங்காலில் மெல்லத் தட்டுவார். சும்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியப்போகிற நேரம் எங்கள் பக்கக் கோலை நோக்கி ஒரு பந்து வந்தது. வலை குலுங்கியது. கேலரி மொத்தமும் எழுந்து கத்தியது. பக்கத்தில் அவரும் எழுந்து நின்றார்.

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். "இஞ்சேருங்க, கோல் இல்ல. வெளிய."

"தெரியும்."

"பின்ன?"

"இனி அந்தப் புது நாற்காலியில இருந்து எனக்கு எது தெரியும்? எல்லாரும் எந்திரிச்சா நானும் எந்திரிக்கணும். இப்பமே பழகிக்கிடுதேன்."

சத்தம் அடங்கியது. நடுவர் கை காட்டினார். எல்லாரும் வழக்கம்போல முகம் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். அவர் உட்காரவில்லை. வேலிக் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். பின்படிகளில் யாரோ ஒரு புது ஆள், மறைக்கிறது, பார்க்க முடியவில்லை என்று மலையாளத்தில் குரல் கொடுத்தான். "அண்ணா, ஒந்நு இரிக்கணே. காணான் வய்யா."

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். "எனிக்கும் வய்யா, மோனே."

சுற்றிலும் சிரித்தார்கள். கண்டக்டர் சிரிக்கவில்லை. நான் சட்டையை விட்டுவிட்டேன். கோலி பந்தைக் கோட்டில் வைத்துப் பின்னால் நடக்கிறார் என்று சொன்னேன். ம் என்றார். ஓடி வருகிறார் என்றேன். பந்தை உதைத்த சத்தம் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தார்.