அண்ணிக்கு ஒரு தட்டு பப்பாளி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். பகலில் என் ஒன்றரை வயது மகளைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் என் கணவரின் அக்கா; அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். சோறு ஊட்டப் பொறுமையில்லாமல், குழந்தை சிணுங்கும்போதெல்லாம் சப்போட்டா, திராட்சை, பப்பாளி என்று நீட்டியிருக்கிறார். கேட்டால், "பழந்தானே, எவ்ளோ குட்த்தாலும் ஒடம்புக்கு நல்லதுதான்" என்பார்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. எடையும் குறைந்தது. அவரோ, "பசை நாத்தம் புடிச்ச கையோட ஊட்றா, அதான் புள்ளைக்கு ஆவல" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். சோப்பு போட்டுத் தேய்த்தே கை உரிந்தவள் நான்.

வேண்டுமென்றே அவரையும் டாக்டரிடம் அழைத்துப்போனேன். "பழத்துலயே வயிறு ரொம்பிட்டா சோறு எப்டிம்மா எறங்கும்? ஒரு நாளைக்கு ஒரு சின்ன கப் பழம் போதும். திராட்சைய முழுசா குடுக்காதீங்க, தொண்டையில அடைச்சிக்கும்" என்றார் டாக்டர். அண்ணி சுவரைப் பார்த்தார். ஆனால் தெருவில் சொன்னது சொன்னதாகவே கிடந்தது.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் பிரியாணி. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அண்ணி முன்னால் மட்டும் ஒரு தட்டு நிறையப் பப்பாளி வைத்தேன்.

"இன்னா இது?"

"பழந்தானே அண்ணி, எவ்ளோ சாப்ட்டாலும் ஒடம்புக்கு நல்லதுதான்."

இப்போது மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் விடுகிறேன். சோறு, பருப்பு, முட்டை சாப்பிட்ட பிறகுதான் நறுக்கிய பழம், அதுவும் ஒரு சின்ன கப். அண்ணி தன் வாயாலேயே தெருவில் உண்மையைச் சொல்லும்வரை, எங்கள் வீட்டில் அவருக்குப் பப்பாளிதான்.