சல்லடையில் நிற்காதது

குடியிருப்பின் மணல்தொட்டியில் கால் வைப்பதற்கு முன்னால் லேப் அக்கா அதை ஒரு முறை சுற்றி வருகிறார். முந்தின நாள் மாலையிலேயே நீளப் பலகை ஒன்றால் மேற்பரப்பைத் தேய்த்துச் சமமாக்கி, தார்ப்பாய் போர்த்தி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டுப் போயிருப்பார். காலை ஆறு மணிக்குத் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டே குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, தடம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று தேடுகிறார். காற்றுக்குப் பாய் விலகிய இடத்தில் நாலு விரல் பதிந்த வட்டத் தடம் ஒன்று அகப்பட்டுவிட்டால் அன்றைக்கு அவர் வேலைக்குத் தாமதம்தான். தடம் போன வழி நெடுக ஒரு சாண் ஆழத்துக்கு அள்ளி, இரட்டைப் பையில் கட்டி, தெருமுனைக் குப்பைத் தொட்டி வரைக்கும் தானே தூக்கிக்கொண்டு போவார்.

அதற்குப் பிறகு சல்லடை. வேலை செய்யும் இடத்தில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்தது. பித்தளை விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருக்கிறது. தினம் ஒரு பகுதி என்று ஒரு வாரத்தில் தொட்டி முழுவதும் சலித்துவிடுவார். மறு வாரம் மறுபடியும் முதல் மூலை. சல்லடையில் தங்குகிறவற்றை மரச்சட்டத்தின் மேல் வரிசையாக வைப்பார். பொத்தான், பொம்மைக் காரின் சக்கரம், ஒற்றைத் தோடு, ஒரு தடவை யாருடையதோ பால் பல். மற்றதையெல்லாம் எடுத்துக்கொள்ள ஆள் வந்தார்கள். பல்லுக்கு மட்டும் யாரும் வரவில்லை.

இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே, வண்டிகள் நிறுத்துமிடத்தை ஒட்டி, ஆறு தப்படி நீளமும் நாலு தப்படி அகலமுமாகக் கிடக்கிறது அந்த மணல்தொட்டி. அதில் விளையாடுகிற வயதில் லேப் அக்காவின் வீட்டில் இப்போது யாரும் இல்லை. ஒரே மகனுக்குப் பத்து வயது. மணல் என்றால் மூக்கைச் சுளிக்கிறான். இந்தக் காலை வேலைக்கு யாரும் அவரை நியமிக்கவும் இல்லை.

கட்டடம் கட்டுகிறவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் மணலையும் ஜல்லியையும் சோதித்துச் சீட்டுக் கொடுக்கும் பரிசோதனைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக அவருக்கு வேலை. அதனால்தான் லேப் அக்கா. பெரிய கண், சின்னக் கண் என்று எட்டுச் சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இயந்திரத்தில் பூட்டி உலுக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தமாகி, குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ரகசியம் பேச வராது. மணலைக் கண்டால் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்க்காமல் நகர வராது. கல்யாணமான புதிதில் கடற்கரைக்குக் கூட்டிப்போன கதையை மின்தூக்கி பழுதுபார்க்கும் அவருடைய கணவர் இன்றைக்கும் சொல்வார். "கடலைக் காட்டலாம்னு கூட்டிட்டுப் போனேன். இவ அதுக்கு முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்து மண்ணைக் கிளறிட்டு இருந்தா."

முன்பெல்லாம் லேப் அக்காவின் வாயில் எப்போதும் ஒரு சொல் இருக்கும்: "பார்த்துட்டேன்." வாசல் பூட்டியாச்சா, பார்த்துட்டேன். பாலில் வாடை அடிக்கிறதா, பார்த்துட்டேன். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் எழுந்து போய் மறுபடி பார்த்ததில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் தொட்டிக்குப் புது மணல் வந்து இறங்கியது. இறங்கின மறுநாளே பெற்றோர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யாரோ ஒரு தகப்பன் எங்கேயோ படித்துவிட்டு வந்து, மணலில் இருக்கும் மெல்லிய தூசி குழந்தைகளின் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு எந்த மருந்துக்கும் வெளியே வராது என்று மாடிப்படியில் நின்று சொன்னான். மாலைக்குள் அது பத்து வீட்டுக்குப் பரவியது. குழந்தைகள் தொட்டியைச் சுற்றி நின்று அழுதன. தாய்மார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்கள். குடியிருப்புச் செயலாளரான ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் எல்லாரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்: "நம்மகிட்டயே ஆள் இருக்கும்போது எதுக்கு இத்தனை பேச்சு? லேப் அக்காவைக் கேளுங்க."

லேப் அக்கா விளையாட்டாகச் செய்யவில்லை. தொட்டியின் ஐந்து இடங்களில் தோண்டி எடுத்து, பையில் எண் எழுதிக் கொண்டுபோனார். கண்ணாடிக் குழாயில் மணலையும் தண்ணீரையும் விட்டுக் குலுக்கி, தெளியவிட்டு, மேலே படிகிற கலங்கல் எத்தனை கோடு என்று அளந்தார். எட்டுச் சல்லடையிலும் சலித்தார். அடித்தட்டில் தூசி என்று சொல்ல ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை. நன்றாகக் கழுவிய, முனை மழுங்கிய, நல்ல மணல். மறுநாள் சாயங்காலம் தொட்டிக்குப் பக்கத்தில் கூடியிருந்தவர்களிடம் வந்து, தன் உரத்த குரலில் சொன்னார்: "நான் பார்த்துட்டேன். பயப்பட ஒண்ணுமில்ல."

கூட்டத்தில் கீழ்த்தளத்துத் தையற்காரம்மா மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அந்தக் குழந்தைக்குக் குடியிருப்பு வைத்த பெயர் வாயாடி. இறக்கிவிடச் சொல்லிக் காலை உதறிக்கொண்டிருந்தாள். தையற்காரம்மா ஒன்று கேட்டார்.

"பூனை வந்து உட்காருதே அக்கா. அது பரவாயில்லையா?"

"பூனை எங்கதான் இல்ல?" என்று லேப் அக்கா சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

"நீங்க சொன்னா சரிக்கா" என்று தையற்காரம்மா மகளை மணலில் இறக்கிவிட்டார்.

இரண்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. வாயாடிக்கு ஐந்து வயதானபோது, படம் பார்க்கிற புத்தகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்கத் தொடங்கினாள். சேட்டை என்று நினைத்தார்கள். பிறகு வாசல் நிலையில் இடது தோளை அடிக்கடி இடித்துக்கொண்டாள். கவனமில்லை என்று திட்டினார்கள். பள்ளியில் ஒரு கண்ணை மூடிப் பலகையைப் படிக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது, இடது கண்ணில் பார்வையே இல்லை என்று.

கண் மருத்துவர் முதலில் கேட்டது, வீட்டில் நாய் பூனை உண்டா என்று. இல்லை. மண்ணில், மணலில் விளையாடுவாளா? விளையாடுவாள். பூனை கழித்த இடத்தில் புழுவின் முட்டை கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலில் ஒட்டி வாய்க்குள் போய், எங்கோ நூறில் ஆயிரத்தில் ஒரு குழந்தைக்குக் கண்வரைக்கும் ஏறிவிடும் என்றார். உள்ளே தழும்பாகிவிட்டது, இனி அந்தக் கண் திரும்பாது என்றார். எங்கே ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளி மைதானமாக இருக்கலாம், பூங்காவாக இருக்கலாம், இந்த மணலாகவும் இருக்கலாம்.

இதையெல்லாம் தையற்காரம்மா மாடிப்படியில் வைத்து லேப் அக்காவிடம் சொன்னார், ஊரில் யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. பூனையைப் பற்றிக் கேட்டதையோ, கிடைத்த பதிலையோ அவர் எடுக்கவே இல்லை. மறந்துகூடப் போயிருக்கலாம். லேப் அக்காவுக்கு மறக்கவில்லை. எல்லாரும் சிரித்தது அவருக்குக் காதிலேயே நின்றுவிட்டது.

அடுத்த வாரம் பரிசோதனைக்கூடத்தின் சூடேற்றும் பெட்டியைத் திறந்த மேலாளர், எண் போடாத ஆறு தட்டு மணலைப் பார்த்து, "இது எந்த சாம்பிள்?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுது சார்."

"வீடு கட்டுறீங்களா?"

சூட்டில் புழு முட்டை செத்துவிடும் என்பது லேப் அக்காவின் கணக்கு. தொட்டி மணல் முழுவதையும் அந்தப் பெட்டியில் வறுத்தெடுக்க எத்தனை நாளாகும் என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்திருந்தார். ஏழு மாதம் ஆகும். ஆறு தட்டோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

குடியிருப்பில் கூட்டம் போட்டார்கள். சிமென்ட் போட்டு மூடிவிடலாம் என்று பாதிப் பேர், குழந்தைகள் எங்கே போகும் என்று பாதிப் பேர். கடைசியில் பழைய மணலை அள்ளிப்போட்டுப் புதிது கொட்டினார்கள். தார்ப்பாய் வாங்கினார்கள். தினமும் யார் மூடித் திறப்பது என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். லேப் அக்கா கையைத் தூக்கினார். மூடித் திறப்பதோடு அவர் நிற்கவில்லை என்பது செயலாளருக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. காலை நடைக்கு வந்தவர் சல்லடையைப் பார்த்து நின்றார்.

"இப்படிச் சலிச்சா அந்த முட்டையெல்லாம் வந்துடுமாம்மா?"

"வராது சார். இதைவிடச் சின்னக் கண்ணு சல்லடை எங்க லேப்லயே இருக்கு. அதுலயும் நிக்காது."

"அப்புறம் எதுக்குச் சலிக்கிறீங்க?"

"வேற என்ன பண்றது?" என்றார் லேப் அக்கா. அன்றைக்கு அவர் குரல் உயரவில்லை. சரியாகக் காதில் விழாத செயலாளர், "என்ன?" என்று கேட்டுவிட்டு, சல்லடை மறுபடி ஆடத் தொடங்கியதும் நடையைத் தொடர்ந்தார்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. தொட்டிக்கு வருகிற குழந்தைகள் குறைந்துவிட்டார்கள். சில நாள் மூன்று பேர், சில நாள் யாருமில்லை. புதிதாகக் குடிவந்த தகப்பன் ஒருவர் போன மாதம் மகனைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வந்து, "நீங்கதான் இதைப் பார்த்துக்கிறீங்களாமே அக்கா, மணல் நல்ல மணல்தானே?" என்று விசாரித்தார். லேப் அக்கா தலையை ஆட்டியிருந்தால் போதும், மகனை இறக்கிவிட்டிருப்பார்.

"ராத்திரி மூடியிருந்துச்சு. தடம் எதுவும் இல்ல. விளையாடி முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவிவிடுங்க. வாயில வைக்காமப் பார்த்துக்கோங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

தகப்பன் மணலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மகனைத் தோளிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அந்தச் சின்னப்பயலின் அழுகை மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது. லேப் அக்கா சலித்ததையே திரும்பச் சலித்தார். வீட்டிலும் அப்படித்தான். வாசல் பூட்டியாச்சா என்று கேட்டால் எழுந்து போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்து, "நீங்களும் ஒரு தடவை பாருங்க" என்கிறார். கணவர் அலுத்துக்கொள்ளாமல் எழுந்து போகிறார்.

மகனின் பள்ளிக் கால்சட்டைக்கு விளிம்பு பிரிக்க அவர் தையற்காரம்மாவிடம்தான் போகிறார். வேறு கடைக்குப் போவது ஓடி ஒளிவதுபோல ஆகிவிடும். போனால் இஞ்சுநாடாவும் நூல்கண்டும் கிடக்கிற அந்த முன்னறையில் நிற்க முடியாமல் நிற்பார். ஒரு நாள் அடக்க முடியாமல் சொல்லிவிட்டார்: "என்னாலதான். நான் அன்னைக்குச் சிரிக்காம இருந்திருந்தா..."

தையற்காரம்மா இயந்திரத்தை நிறுத்தவில்லை. ஒரு தையல் முடிகிறவரை ஓட்டிவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நீங்க மணலைப் பார்த்தீங்க. பிள்ளையைப் பார்த்துக்க வேண்டியது நான்தானே அக்கா" என்றார். "விளிம்பு ரெண்டு விரல்கடை விடவா, ஒண்ணரை போதுமா?"

இரண்டு என்றார் லேப் அக்கா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. கோபமாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாங்கிக்கொண்டு அழுதிருக்கலாம் என்று கணவரிடம் ஒரு முறை சொன்னார்.

வாயாடிக்கு இப்போது எட்டு வயது. பெயர் மாறவில்லை, பேச்சும் குறையவில்லை. பந்து மட்டும் அவளுக்குப் பிடிக்க வராது. போன வியாழக்கிழமை பள்ளி வண்டி வருவதற்கு நேரமிருந்ததால், பையோடு வந்து மணல்தொட்டியின் சட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, எதிரே பார்த்தபடி பேசிக்கொண்டே போனாள். வகுப்பில் புதிதாக வந்தவளுக்கு ஆறு விரல், டீச்சருக்கு ஜலதோஷம், நாளைக்கு ஓட்டப்பந்தயம். லேப் அக்கா அவளுக்கு இடதுபுறம் மண்டியிட்டுச் சலித்துக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, கேக்குறீங்களா? இருக்கீங்களா, போய்ட்டீங்களா?"

"இருக்கேன்டா."

சிறுமி குரல் வந்த பக்கம் தேடி முகத்தை முழுக்கத் திருப்பினாள். தாடை தோளைத் தொடுகிற அளவுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. லேப் அக்கா சல்லடையை மணலிலேயே போட்டுவிட்டு எழுந்தார். முழங்காலில் ஒட்டியதைத் தட்டிக்கொண்டு, அவள் முதுகுக்குப் பின்னால் சுற்றிப் போய், வலதுபக்கம் உட்கார்ந்தார்.