தொப்பி டியூட்டி

அந்தக் காவல் நிலையத்தில் பெஞ்சுகளுக்குக் குறைவில்லை. உட்காரத்தான் ஆள் கிடையாது. ஓய்வு பெற்றவர் ஓய்வு பெற்றார், மாற்றலாகிப் போனவர் போனார், அவர்கள் இடத்துக்கு வர வேண்டியவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், இன்னும் வந்து சேரவில்லை. ஓய்வறைச் சுவரில் சொந்தக்காரன் இல்லாத தொப்பிகள் ஆணிக்கு ஒன்றாகத் தொங்கின. மிச்சமிருந்த சொற்பப் பேரில் மூத்தவர் ஏட்டம்மா. தலைமைக் காவலர் என்று தாளில் எழுதுவார்கள், ஊர் கூப்பிடுவது ஏட்டம்மா என்றுதான். புகார் வாங்குவது, புருஷன் பெண்டாட்டி சண்டையை விலக்குவது, சாலையில் நிற்பது, காணாமல் போன ஆட்டைத் தேடுவது, எல்லாம் அவர் தலையில்தான் விடியும்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. மேலிடத்தில் ‘ஆள் போதவில்லை’ என்று சொல்ல நாக்கு எழாதவர், அவ்வளவுதான். அவர் மூளையில் உதித்ததுதான் தொப்பி டியூட்டி. பேருந்து நிலையத்திலோ பள்ளிக்கூட முனையிலோ நிறுத்த ஆள் இல்லையா? ஒரு நாற்காலியைப் போடு, அதன் மேல் ஒரு தொப்பியை வை, பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். பார்க்கிறவன் ‘போலீஸ் இங்கேதான் எங்கேயோ இருக்கு’ என்று நினைத்துக்கொண்டு ஒழுங்காகப் போவான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை!

மற்றவர்கள் வைத்தால் தொப்பி வெறும் தொப்பியாகத்தான் இருக்கும். ஒருமுறை நாற்காலியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஏட்டம்மாவுக்குத்தான் கைராசி. நாற்காலியைக் கொஞ்சம் சாய்த்துத் திருப்புவார், பாட்டில் மூடியைப் பாதி திறந்து வைப்பார், தொப்பியை ஒரு பக்கமாகச் சரிப்பார். யாரோ இப்போதுதான் எழுந்து போனது போலவும், இதோ திரும்பிவிடுவது போலவும் இருக்கும். “ஏட்டம்மா வச்ச தொப்பி கண்ணை உருட்டும்” என்று ஸ்டேஷன் ரைட்டர் கேலி பேசுவார்.

வீட்டிலும் அவருடைய இருப்பு ஏறக்குறைய அப்படித்தான். கணவர் காலமான பிறகு மிஞ்சியது ஒரே மகள். அவள் காய்ச்சலில் கிடந்த நாட்களிலும், பள்ளியில் பரிசு வாங்கிய நாளிலும் அம்மாவுக்கு எங்காவது பந்தோபஸ்து இருந்தது. மகள் பெரியவளானாள், கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போனாள், முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அன்றைக்கும் ஏட்டம்மா ஒரு ஊர்வலத்துக்குக் காவல் நின்றார். மறுநாள் ஓடிப்போய்ப் பார்த்தபோது மகள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் இன்றுவரை அவரை உள்ளுக்குள் அரிக்கிறது.

இப்போது மறுபடி மாசமாகி, நாளும் நெருங்கிவிட்டது. “இந்த வாட்டி நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்மா. வேற ஒண்ணும் வேணாம்” என்று போனில் சொன்னாள்.

“வர்றேண்டி. வானமே இடிஞ்சு விழுந்தாலும் வர்றேன்.”

நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. காவல்துறையைச் சீர்திருத்த ஒரு குழு போட்டிருந்தார்கள். எந்த நிலையத்தில் எத்தனை ஆள் குறைவு என்று நேரில் பார்த்துப் புது ஆட்களைத் தருவார்களாம், வாரம் ஒருநாள் ஓய்வும் உண்டாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. ஆனால் இந்தப் பூசாரியே வாக்குக் கொடுத்திருந்தார். “புது ஆள் வந்ததும் முதல் லீவு உங்களுக்குத்தான் ஏட்டம்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

பேருந்து நிலையத்துப் பழக்காரம்மா ஒருநாள் ஏட்டம்மாவை வழிமறித்து ஒரு பழத்தைக் கையில் திணித்தாள்.

“அந்த நாற்காலியில உக்காருவாங்களே, அவங்ககிட்ட குடுத்துடுங்க. அன்னைக்கு என் பையை எவனோ தூக்கிட்டு ஓடினான். பின்னாலயே போய் வாங்கிட்டு வந்து குடுத்தாங்க. ஒரு வார்த்தை பேசலை.”

“யாரும்மா? அங்க யாரையும் போடலையே.”

“என்னம்மா விளையாடுறீங்க? உங்க ஜாடைதான். உங்க தங்கச்சின்னு நெனச்சேன்.”

ஏட்டம்மா சிரித்து மழுப்பிவிட்டு நாற்காலிக்குப் போனார். நல்ல உச்சி வெயில், சுற்றிலும் ஜனக்கூட்டம். காலையில் நிரப்பி வைத்த பாட்டிலில் தண்ணீர் பாதிதான் இருந்தது. எவனாவது குடித்திருப்பான் என்று தொப்பியை எடுத்தார். அதன் உள்பட்டை வியர்வையில் நனைந்திருந்தது. வெதுவெதுவென்று, தலையிலிருந்து அப்போதுதான் கழற்றியது போல இருந்தது. பட்டையில் ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது. அதைத் தன் முடியோடு ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். “சம்பளம் கேக்காத வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்” என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

குழு வந்தது. அதன் தலைமை அதிகாரி நறுக்கான மனிதர். நிலையத்தார் பேச்சைக் கேட்காமல் நேரே தெருவுக்குப் போய் ஜனங்களிடம் விசாரித்தார். பள்ளிக்கூட முனையில் போலீஸ் நிற்குமா? எப்போதும் நிற்கும். பேருந்து நிலையத்தில்? ஒரு பொம்பளைப் போலீஸ் நகரவே மாட்டாங்க, தங்கமானவங்க. அதிகாரிக்குப் பரம திருப்தி. “இருக்கிற ஆளை வச்சே பிரமாதமா நடத்துறீங்க. இங்க இருக்கிற காலியிடங்களை ரத்து பண்ணிடலாம்” என்று இன்ஸ்பெக்டரின் கையைக் குலுக்கினார். கெட்டிக்காரர்களால் நாடு கெட்டது என்று சும்மாவா சொன்னேன்? இதுவரை சொல்லவில்லையென்றால் இப்போது சொல்கிறேன்.

வலி கண்டுவிட்டது என்று மறுநாளே மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். “அத்தை, உங்களைக் கேட்டுக் கேட்டு அழறா. கிளம்புங்க.”

ஏட்டம்மா இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தார். அவர் மேசையைப் பார்த்தார். “நாளைக்கு மத்தியானம் போங்க. இன்னைக்கு ஊர்ல பெரிய கூட்டம் இருக்கு. நீங்களும் போயிட்டா நான் யாரை நிறுத்துவேன்?”

அப்போதுதான் அந்த நிலையத்தில் வேலை பார்த்தவர் தவிர வேறு யாருக்கும் தோன்றாத காரியத்தை ஏட்டம்மா செய்தார். தலையிலிருந்த தன் தொப்பியைக் கழற்றி மாப்பிள்ளையிடம் நீட்டினார். “அவ கட்டில் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு இதை வைங்க. நேரா வைக்காதீங்க, கொஞ்சம் சரிச்சு வைங்க. நான் இருக்கிற மாதிரி இருக்கும்.” மாப்பிள்ளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

மற்றத் தொப்பிகளெல்லாம் டியூட்டியில் இருந்ததால் அன்று வெறும் தலையோடு நாற்சந்தியில் நின்றார். கையைக் காட்டினார், ஒரு வண்டியும் நிற்கவில்லை. தெரிந்தவர்கள் அவர் முகத்துக்கு நேரே வந்து, அவருக்குப் பின்னால் இருந்த எதையோ பார்த்துக்கொண்டு போனார்கள். பழக்காரம்மாவும் அப்படித்தான் போனாள்.

மறுநாள் மத்தியானம் மருத்துவமனை நடைவழியில் வெயில் சதுரம் சதுரமாக விழுந்திருந்தது. அறை வாசலில், சேலையில் வந்த ஏட்டம்மாவை ஒரு நர்ஸ் மறித்தார்.

“இந்த ரூம்ல இருக்கிற பொண்ணைப் பாக்கணும்மா.”

“பெண் குழந்தை பொறந்திருக்கு. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க.” ஏட்டம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “ஆனா உள்ள விட முடியாது. கூட ஒருத்தர்தான் இருக்கலாம். அதான் அவங்க அம்மா இருக்காங்களே.”

“நான்தாம்மா அவ அம்மா.”

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். பார்வையில் இரக்கம் இருந்தது. “அந்தப் போலீஸ்காரம்மா நேத்துலேருந்து பிடிச்ச கையை விடலை. டீ கூடக் குடிக்கலை, பாவம். நீங்க வேற எந்த அறையோ தேடி வந்திருக்கீங்க.”

கதவு ஒருக்களித்திருந்தது. காக்கித் தோள் ஒன்று தெரிந்தது. மகளின் கை ஒரு கைக்குள் இருந்தது. அந்தக் கையின் கட்டைவிரல் மெல்ல மெல்லத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது. பாய்ந்துபோய் அந்தக் கையைப் பிய்த்தெறிய வேண்டும் போல ஏட்டம்மாவுக்கு ஆத்திரம் வந்தது. மகளின் முகத்தைப் பார்த்தார். அப்படியொரு நிம்மதியை அந்த முகத்தில் அவளைப் பெற்ற நாளிலிருந்து அவர் கண்டதில்லை. ஆயிரம் பேர் கூட்டத்தை அதட்டிய தொண்டையில் காற்றுகூட வரவில்லை.

“அம்மா, வாசல்ல யாரோ நிக்கிறாங்களா?” என்றாள் மகள், கண்ணைத் திறக்காமல்.

“யாரும் இல்லம்மா. நீ தூங்கு.”

காக்கித் தோளின் பக்கமிருந்து வந்த அந்தக் குரல் ஏட்டம்மாவின் குரல்தான். நர்ஸ் கதவை மெல்லச் சாத்தினார்.