அடுப்பங்கரை வாசலில் உடைந்த கல்

பாப்பா, தம்பி, நீங்கள் ரெண்டு பேரும் இரண்டு மாதம் வியாசர்பாடியில் அத்தை வீட்டில் இருந்தீர்களே, அப்போது நம் வீட்டில் நடந்ததை நான் உங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. போனில் கேட்டபோதெல்லாம், "அம்மா நல்லாகீது, சீக்கிரம் வந்து கூட்டிக்கினு போறேன்" என்று மட்டும் சொன்னேன். அந்தச் சீக்கிரம் ஏன் அத்தனை நாள் ஆனது என்று இப்போது எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்தவன் நான். தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அம்மாவுக்கு இடது காலைத் தூக்க வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலைத் தரையோடு இழுத்துத்தான் நடந்தாள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை போகப் பதினைந்து நாளில் பழகிவிட்டாள். அடுப்பங்கரைக்குள் மட்டும் போக முடியவில்லை. வாசலில் கடப்பாக்கல் மூன்றாக உடைந்து, ஒரு மூலை உள்ளே இறங்கியிருந்ததே, அங்கே கால் மாட்டிக்கொண்டது. அந்தக் கல்லை உடைத்ததும் நான்தான். போன வருஷம் கேஸ் சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கும்போது கை நழுவிவிட்டது. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டது, விட்டதுதான்.

ஒரு நாள் கால் மாட்டி அப்படியே முன்னால் சாய்ந்தாள். நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்து பிடித்தேன். அதோடு அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

"புள்ளைங்கள கூட்டியாரட்டாமே?" என்று கேட்டேன்.

"வாணாம். நான் என் காலால அடுப்பாண்ட போய் நின்னு ஒரு டீ போட்ணும். அப்பால கூட்டியா. நான் கட்டில்ல குந்திக்கினு கீறேன், பத்தாவது படிக்கிற பொண்ணு எனக்கு சோறாக்கிப் போடணுமா? அது படிக்கட்டும்."

அந்த ஒரு கல்தான் உங்களை வியாசர்பாடியில் நிறுத்தி வைத்திருந்தது.

நான் கொத்தனார் இல்லை. காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவன். இருந்தாலும் நானே இறங்கினேன். உடைந்த துண்டுகளை உளியால் நெம்பி எடுத்தேன். கீழே மணல் கரைந்து பள்ளமாக இருந்தது. புது மணல் போட்டு இடித்து, சிமெண்ட் கலவை பரப்பி, துண்டுகளை மட்டம் பார்த்துப் பதித்தேன். ரெண்டு நாள் காயவிட்டு, இடுக்குகளில் படகுக்குத் தடவும் ரெசின் பசையும் கல்தூளும் கலந்து அடைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கை நிற்கவில்லை. படகில் ஓட்டை விழுந்தால் ஓட்டை அளவுக்கு மட்டும் நாங்கள் ஒட்டுப் போடுவதில்லை. நாலு பக்கமும் நாலு விரல் கூடுதலாக ஃபைபர் துணியை விரித்து, ரெசின் தடவி, அதன் மேல் இன்னொன்று விரிப்போம். அலை வந்து வந்து மோதுகிற இடம், மேடாக இருந்தால்தான் எங்களுக்குத் தைரியம். அதே மாதிரி அடுப்பங்கரை வாசலிலும் போட்டுவிட்டேன்.

அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "வூடு பூரா படகு நாத்தம். அப்டியே ரெண்டு மீனக் கொண்டாந்து மாட்டிவுடு, கரெக்டா இருக்கும்" என்றாள்.

மறுநாள் ஒட்டு இரும்பு மாதிரி இறுகியிருந்தது. சுத்தியால் தட்டிக் காட்டினேன். பெருமையாக அம்மாவைக் கூப்பிட்டேன். சுவரைப் பிடித்து வந்தாள். ஒட்டின் ஓரத்தில் காலை வைத்து இழுத்தாள். மாட்டிக்கொண்டது. கீழே பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யோவ், இங்க இன்னா அலையா அடிக்குது? ஒட்டுப் போடச் சொன்னா கரை கட்டி வச்சிகீற."

சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் அப்படியே திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

வேலையிடத்தில் என் தோஸ்திடம் சொன்னேன். அவன் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "ஏன் மாமு, உன் வூடு இன்னா முங்கிடுமா? ஒழுங்கா உரிச்சுப் போட்டுட்டு வேலையப் பாரு."

உரித்தேன். லேசில் வரவில்லை. மூன்று சாயங்காலம் ஆனது. உளியால் செதுக்கி, தூள் பறக்காமல் தண்ணீர் விட்டு விட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். கை முழுக்க ஃபைபர் அரிப்பு. உள்ளங்கையை வைத்துத் தடவினால் வழவழவென்று இருந்தது. "வாமே, முடிஞ்சிச்சு" என்றேன்.

"உன் கைய நம்ப முடியாது. அது காப்பு காச்சுப்போன கை" என்று சொல்லிக்கொண்டே வந்து காலை இழுத்தாள். மறுபடியும் மாட்டியது.

"எங்க மாட்டுது?"

"எனக்கு எங்க தெரியுது? அந்தக் கால் தான் மரத்துப்போய் கீதே. மாட்டும்போது இடுப்புல இழுக்குது, அவ்ளோதான்."

ஆகவே நான் தரையோடு தலையை வைத்துப் படுத்துக்கொண்டு அவள் விரல் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன், தேய்த்தேன், மறுபடி இழுக்கச் சொன்னேன். நடுவில் வீட்டுக்குப் பின்னால் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி போய்த் தரை அதிர்ந்தபோது, "நீ தேய்க்கிறதுல ரயிலே ஆடுது பாரு" என்றாள். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, கோடு போட நான் காத்துக்கொண்டிருந்தேன். கால் நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னாமே, உள்ள போய்ட்ட!"

"தெரியுது. லைட்டர எங்க வச்சித் தொலச்ச?"

மேடையை விடாமல் ஒரு கையாலேயே டீ போட்டாள். சர்க்கரை அதிகம். நான் அப்படியே குடித்தேன். பாதி டம்ளர் குடித்ததும், "நாளைக்குப் போய்க் கூட்டியா" என்றாள்.

மறுநாள் காலையில் அம்மா எதிர்வீட்டு அக்காவோடு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். உங்களைக் கூட்டிவரச் சட்டை மாட்டப் போனவன் மாட்டவில்லை. யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று கதவைச் சாத்தினேன். இடது காலைத் தளர விட்டு, சுவரைப் பிடித்து, அம்மா மாதிரியே இழுத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். அடுப்பங்கரை வாசலில் தடுக்கவில்லை. பாத்ரூமுக்கு முன்னால் இருக்கும் கல்லின் ஓரத்தில் என் கட்டைவிரல் இடித்தது. அம்மா தினமும் அதில் இடித்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். என்னிடம் சொல்லவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து, உப்புத்தாளை நனைத்து, விரல் இடிக்காமல் போகிற வரைக்கும் தேய்த்தேன்.