ஹொலண்டுக்குப் படிக்கப் போனவன்

லண்டன் ஹரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் இப்போது ஹொலண்டு நாட்டு மெல்லிய வட்ட பிஸ்கட் ஒன்று விற்கிறார்கள். நடுவில் சீனிப்பாணி. சூடான கோப்பையின் மேல் மூடிபோல வைத்தால் பாணி இளகிக் கறுவாப்பட்டை மணம் கிளம்பும். மற்றவர்களுக்கு அது பிஸ்கட். எனக்குத் தவராசா.

இரண்டாயிரங்களின் நடுவில் அவனும் நானும் கவுன்சில் அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசை. ஹொலண்டில் குடியுரிமை எடுத்த எங்கள் சனம், பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக ஹரோவிலும் மோர்டனிலும் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். பள்ளி அனுமதி, டாக்டர் பதிவு, பெனிபிட் என்று அவர்களுக்குச் சகல நடைமுறையும் சொல்லிக்கொடுத்தவன் நான், சம்பளமில்லாத தூதரகம். பதிலுக்கு அவர்கள் ஒன்று சொன்னார்கள். இரண்டு நாடும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதால், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் அங்கே உள்ளூர்க்காரரின் கட்டணத்தில், ஆங்கிலத்திலேயே, ஒரு வருடத்தில் முதுகலை படிக்கலாமாம்.

எனக்கு ஆசை பிடித்துவிட்டது. விதிகளை வரி விடாமல் படித்தேன். சம்பளமில்லாத விடுப்பு, பென்ஷன், வீட்டுக் கடன் எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடித்தேன். பிறகு அதே கவனத்தோடு, போகாமலிருக்கக் காரணங்களும் கண்டுபிடித்தேன். இதையெல்லாம் ஒரு மதியம் தவராசாவுக்கு விளக்கினேன். இடியப்பத்தை மென்றபடி கேட்டான்.

"அப்ப நான் போறன் மச்சான்."

"உனக்கென்ன விசரா? அங்கையிருந்து சனம் இஞ்ச ஓடி வருது!"

"அதுதான். அங்க இடம் காலியாக் கிடக்கும்."

செப்டெம்பரில் போயே விட்டான். ஒரு காலத்தில் எங்கள் ஊரை ஆண்டு கோட்டை கட்டித் தந்த ஒல்லாந்தர் அவனுக்கு ஒரு சைக்கிள் தந்தார்கள். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகவும், வகுப்பில் உலகமே உட்கார்ந்திருப்பதாகவும் தொலைபேசியில் சொல்வான். "மழை எப்பிடி?" என்று கேட்பேன். விடாமல் பெய்கிறது என்றால் எனக்குச் சற்று ஆறுதல்.

பிறந்தநாளுக்கு வகுப்புத் தோழர்களோடு லண்டன் வந்தான். அவன் வீட்டு ஹாலில் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தான். உயரமான ஒல்லாந்துப் பெண் ஒருத்தி அவனுக்குக் கைகொடுத்துவிட்டு, நேரே என்னிடம் வந்து கைகுலுக்கி வாழ்த்தினாள். பிறந்தநாள் எனக்கில்லை என்று திருத்தினேன். தவராசா சிரித்தான்.

"அது அவையின்ர வழக்கம் மச்சான். ஆற்ற பிறந்தநாளெண்டாலும் சிநேகிதருக்கும் சொந்தக்காரருக்கும் சேத்துத்தான் வாழ்த்து. எனக்கு நல்லது நடந்தா உனக்கும் சந்தோசம்தானே?"

என் மனைவி சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். வட்டம் முழுவதும் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். தவராசாவின் சந்தோஷத்துக்காக ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது.

திரும்பும்போது காரில் மனைவி சொன்னாள்: "நீங்களும் போங்கோவன். வீட்டை நான் பாப்பன்."

"பென்ஷன் எடுத்தாப் பிறகு பாப்பம்," என்றேன்.

எங்கள் அலுவலகம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. தவராசா அங்கேயே வேலை எடுத்துத் தங்கிவிட்டான். ஹொலண்டுக் குடும்பங்களின் வரவும் நின்றுபோனது. எனக்குப் பென்ஷன் வந்தது. அதற்குள் இந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டது. உள்ளூர்க் கட்டணமும் போயிற்று, விசாவும் வேண்டுமாம். இனிப் படிக்கப் போகலாமே என்று போன கிழமை மனைவி மறுபடி கேட்டாள். விதியை எடுத்துச் சொன்னேன். காரணம் தேடித் தேடியே காலத்தைப் போக்கியவனுக்கு, முதல்முறையாக உண்மையான காரணம் ஒன்று கிடைத்திருந்தது.