கோட்டுக்கு ஒரு பல்பு

நாகல் நகரில் பாட்டரி சார்ஜ் கடை வைத்திருந்த சனாவுல்லாவுக்கு இரண்டு விஷயங்களில் பெயர் இருந்தது. ஒன்று, படுத்துவிட்ட பாட்டரியையும் எழுப்பி உட்காரவைப்பார். மற்றது, அவர் போடும் சத்தம். கடையில் அவர் ஒருவனை வைதால், எதிர்ப் பட்டறையில் பூட்டுக்கு அரம் போடுகிறவர்கள் கையை நிறுத்தாமலே என்ன விவரம் என்று தெரிந்துகொள்வார்கள். அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. வாய்த்த வாடிக்கைக்காரர்கள் அப்படி.

கடைச் சுவரில் ஒரு பலகை, அதில் ஆறு பல்புகள். ஆறும் எரிந்தால் பாட்டரிக்குள் கரண்ட் வேகமாக ஏறும். ஒவ்வொன்றாகக் கழற்றினால் வேகம் குறையும். புதுப் பாட்டரிக்கு ஆறும் போடலாம். வயதாக ஆக அந்த வேகம் அதற்கு ஒத்துக்கொள்ளாது. சீக்கிரமே சுட்டுக் குமிழ் விட்டுக் கொதிக்கும். பார்க்கிறவன் நிறைந்துவிட்டது என்று நினைப்பான். உள்ளே தகடு உதிர்ந்துகொண்டிருக்கும்.

அதனால் சனாவுல்லா ஒரு வழக்கம் வைத்திருந்தார். நோன்புப் பெருநாள் கழிந்து முதல் தடவை கடைக்கு வரும் பாட்டரியின் விலாவில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார். வருடத்துக்கு ஒரு கோடு, கோட்டுக்கு ஒரு பல்பு குறையும். குறைந்த கரண்டில் நிதானமாக ஏற்றி, நடுவில் ஆறவிட்டு, விலாவில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்து, மறுபடியும் ஏற்றுவார்.

ஊர்க்காரர்கள் இதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கணக்கில் பல்பு என்பது மரியாதை.

"அந்த லாரிக்காரனுக்கு ஆறு, எனக்கு மூணா? நான் என்ன எளச்சவனா பாய்?" என்று அய்யலூர் ஆட்டு வியாபாரி ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"இது என்ன பந்தியாய்யா, சமமாப் பரிமாற? ஒம்ம பாட்டரிக்குப் பல்லு போச்சு. இனிமே கஞ்சிதான் ஊத்தணும். கறியக் குடு, கறியக் குடுன்னா நான் எங்க போக?"

செவிடன் காதில் ஊதிய சங்குதான். கோட்டைச் சுரண்டிவிட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களைக் கண்டால் சனாவுல்லாவுக்கு ரத்தம் கொதிக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் அவர் மகள் நர்கீஸுக்கு நிக்காஹ் வைத்தார்கள். நகை, புடவை என்று எதற்கும் வாய் திறக்காத பெண், ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அத்தா, ஆம்பளைங்க பந்தல்ல நடக்குறது ஊருக்கே கேக்குது. பொண்ணுக்கு மட்டும் கேக்கமாட்டேங்குது. மாப்பிள்ளை ஒப்புக்கிட்டேன்னு சொல்றத நான் என் காதால கேக்கணும். பொம்பளைங்க பக்கம் ஒரு மைக் குழாய் கட்டிருங்க."

கேட்டது நியாயம் என்று அவருக்குப் பட்டது. கட்டிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். வீட்டுச் சந்துக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. ஆகவே செம்பட்டி கண்ணுசாமியின் மைக் செட்டுக்குச் சொல்லிவிட்டார். அது பாட்டரியில் ஓடுவது.

கண்ணுசாமி பூ விவசாயி, மைக் செட்டும் வாடகைக்கு விடுவார். தங்கமான மனிதர். அவருடைய பாட்டரியில் நாலு கோடு இருந்தது. பாய் வீட்டுக் கல்யாணப் பந்தலில், சம்பந்தி வீட்டார் கண்ணெதிரே, நாலு கோடு போட்ட கிழம் உட்கார்ந்திருந்தால் பாய்க்கு அல்லவா அவமானம் என்று அவர் யோசித்தார். பாட்டரி முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, பளபளவென்று ஆக்கி, கல்யாணத்துக்கு முதல் நாள் கடையில் கொண்டுவந்து இறக்கினார்.

சனாவுல்லாவுக்கு அன்று ஒரு கால் பந்தலில், ஒரு கால் கறிக்கடையில். ஓரக்கண்ணால் பார்த்தார். கோடே இல்லை.

"புதுசா வாங்கிட்டியா கண்ணுசாமி? நல்லாருப்பா!"

கண்ணுசாமி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்துவைத்தார். சனாவுல்லா ஆறு பல்பையும் போட்டுவிட்டு ஓடினார். தன் பாட்டரிக்கு ஆறும் எரிவதைப் பார்த்துக் கண்ணுசாமிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் காலையில் குழாய் கணீரென்றுதான் முழங்கியது. நிக்காஹ் நடத்த வந்த ஹஜ்ரத் குத்பா உரையை ஓதி முடித்து, சம்மதம் கேட்க மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். குழாய் ஒருமுறை கரகரத்து அடங்கிவிட்டது.

சனாவுல்லா பாய்ந்து போய்ப் பாட்டரியின் விலாவில் கைவைத்தார். சரியாகக் காயாத கறுப்பு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் வெள்ளையாக நாலு கோடு. பக்கத்தில் கண்ணுசாமி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவரை என்ன செய்தாலும் தகும். ஆனால் ஹஜ்ரத் பேச ஆரம்பித்துவிட்டார். பெண்கள் கூடியிருந்த எதிர்வீட்டுத் திரைக்குப் பின்னால் நர்கீஸ் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சனாவுல்லா வசவை அப்படியே விழுங்கிவிட்டுச் சந்தின் நடுவில் வந்து நின்றார். ஹஜ்ரத் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை விடாமல், கடையில் கத்துகிற அதே தொண்டையால் திரையைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது.

"மாப்பிள்ளை ஒப்புக்கிட்டேன்னு சொல்லிட்டாரும்மா! கேட்டுச்சா நர்கீஸு?"

திரைக்குப் பின்னாலிருந்து, மணப்பெண் வாய் திறக்கக் கூடாது என்பதையும் மறந்து, குரல் வந்தது.

"கேட்டுச்சு அத்தா!"

பெண்கள் சிரித்தார்கள். சனாவுல்லா கறுப்பு அப்பிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் கண்ணுசாமி அந்தப் பாட்டரியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். எவ்வளவு வைதாலும் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்து நின்றார். சனாவுல்லாவும் சொல்ல வேண்டியதை எல்லாம் பொறுக்கி அடுக்கி வைத்திருந்தார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. கல்யாணத்தன்று போன தொண்டை, உப்புத்தண்ணீருக்கும் மசியவில்லை. வாழ்நாளில் முழு நியாயத்தோடு வைய ஒரு ஆள் கிடைத்த நாளில் அவருக்குக் குரல் இல்லை.

பிரஷ்ஷை எடுத்தார். கறுப்பின் மேல் பட்டை பட்டையாக நாலு கோடு இழுத்தார். கோபம் தீராமல் ஐந்தாவதாகவும் ஒன்று இழுத்து, பலகையில் ஒரே ஒரு பல்பை மட்டும் போட்டார்.

கண்ணுசாமி பல்பைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"இம்புட்டுப் பெரிய தப்பு பண்ணிருக்கேன், ஒரு வார்த்தை சொல்லலையே பாய்! உங்க பொறுமை யாருக்கு வரும்?"

சனாவுல்லா மேசையை ஓங்கி ஓங்கி அறைந்தார். அதற்குள் கண்ணுசாமி எதிர்ப் பட்டறைக்குப் போய், பாயின் பொறுமையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.