எலுமிச்சையில் வேகாத விரால்

ஐம்பத்திரண்டு வயதில், அடுப்பில்லாமல் விரால் மீனை வேகவைத்தேன். வெந்தது என்றுதான் நம்பினேன். எலுமிச்சைச் சாற்றில் ஊறினால் சதை வெந்துவிடும் என்று ஏதோ பயண நூலில் படித்திருந்தேன். நிறையப் படிப்பதில் இப்படியும் ஓர் ஆபத்து உண்டு.

வாலாஜாபாத் சாலையோரம் ஏரி மீன் விற்கும் அம்மாவிடம், முள்ளில்லாமல் சதையை மட்டும் சீவித் தரச் சொன்னேன்.

"இன்னா சார், தல வாணாமா? கொழந்தைக்கா?"

ஆமாம் என்றேன். ஒரகடத்தில் என் வாடகை அறையில் குழந்தை என்று சொல்ல நான் ஒருவன்தான். மனைவியும் மகளும் பாளையங்கோட்டையில். நான்கு ஞாயிறு இந்த விருந்து நடந்தது.

பிறகொரு காலை, தொப்புளருகே உள்ளங்கை அகலத்துக்கு வீக்கம். சிவப்பு, அரிப்பு. மருத்துவரிடம் போவதற்குள் காணாமல் போனது. "கேஸ் ட்ரபிள்" என்றார். அடுத்து விலாவில் வந்தது. இன்னொரு மருத்துவர். அவர் முன்னாலும் மறைந்தது. "தனியா இருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுத் தூக்க மாத்திரை எழுதினார்.

நான் கார் கதவுகளைப் பரிசோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். நெளிவு கண்டால் மார்க்கரால் வட்டம் போட்டு, தேதியும் ஷிஃப்டும் எழுதுவது எங்கள் லைன் வழக்கம். வீக்கம் மறுபடி வந்தபோது அதையே எனக்கும் செய்தேன்.

முதுகுக்குப் போனபோதுதான் சிக்கல். வட்டம் போட ஆளில்லை. மாடி அறைக்காரர்கள் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டி, சட்டையைக் கழற்றி, "ஒரு வட்டம் போடுங்க" என்று கேட்கத் துணிவில்லை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நானே போட்டேன். முட்டை மாதிரி வந்தது. இரண்டு நாளாக யாரிடமும் நேரில் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் இளம்பெண்.

"இது என்ன சார், 'பி ஷிஃப்ட்'?"

விளக்கினேன். சிரித்தார். வட்டங்களைத் தேதி வரிசையில் விரலால் தொட்டுக்கொண்டே வந்தவர், கழுத்தெலும்புக்கு அருகே வந்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"மேல ஏறிட்டிருக்கு. பச்சை மீன் சாப்பிட்டீங்களா?"

"பச்சை இல்ல மேடம். எலுமிச்சையில வெந்தது."

"வெளுக்கும் சார். வேகாது. புழுவும் சாகாது."

இரத்தத்தில் ஈஸினோஃபில் (ஒட்டுண்ணி புகுந்தால் பெருகும் ஒருவகை வெள்ளையணு) எகிறியிருந்தது. நாத்தோஸ்டோமா (நன்னீர் மீனின் சதையில் இருக்கக்கூடிய, தலையில் முள் வைத்த உருளைப்புழு) என்றார். பூனை, நாய் வயிற்றில் வளர்ந்து முதிரவேண்டியது. மனித உடம்பு அதற்குத் தவறான விலாசம். முதிர வழியில்லாமல் தோலுக்கடியில் அலையும். கண்ணுக்கோ மூளைக்கோ போய்விடவும் கூடும்.

அல்பெண்டசோல் (புழுக்கொல்லி மாத்திரை) மூன்று வாரம். தினமும் காலையில் ஒரு கண்ணை மூடி நாள்காட்டியைப் படிப்பேன். பிறகு மறு கண்ணை மூடி. வாசிப்பைத் தவிர வேறு துணையில்லாதவனுக்கு அந்த இரண்டு நிமிடம் மிக நீளம்.

உங்களுக்கும் இடம் மாறும் வீக்கம் வந்தால், மறைவதற்குள் வட்டம் போடுங்கள், படம் எடுங்கள். ஏரி மீனை நெருப்பில் வேகவையுங்கள்.

கடைசி வீக்கம் வந்து மாதங்களாயின. ஆனாலும் இந்த உடம்பில் நான் மட்டும்தான் குடியிருக்கிறேன் என்று உறுதியாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நாளை எண்ணுவது இப்போது கிழமையால் இல்லை. எங்கும் அரிக்காமல் விடிந்தால் அது ஒரு நாள்.

எல்லாம் முடிந்தபின்தான் மனைவிக்கு ஃபோனில் சொன்னேன். புழு கண்ணுக்கும் போயிருக்கலாம் என்பதையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"தனியாக் கெடக்கேன், தனியாக் கெடக்கேன்னு தெனமும் பொலம்புனீயளே," என்றாள். "தொணைக்கு ஒண்ணு இருந்திருக்குல்லா."